கையெழுத்தைப் பார்த்துப் பணம் கொடுங்கள்



என் தந்தையார் காலத்தில் வெளியூர் மண்டியிலிருந்து சீட்டு வந்தால், எங்கள் கணக்குப்பிள்ளை முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பார். சுழி மாறியிருந்தால் பணம் பெட்டியை விட்டு வெளியே வராது. இன்று பட்டியலும் வங்கிக் கணக்கு விவரமும் மின்னஞ்சலில் வருகின்றன. கையெழுத்தை யார் பார்க்கிறோம்?

சென்ற ஆண்டு, நான் பல காலமாகத் துவரம் பருப்பு வாங்கும் மில்லின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்குப் பணம் அனுப்பவும் என்றது. பட்டியல் எண், மூட்டைக் கணக்கு எல்லாம் சரி. என் மகன் 1,80,000 ரூபாய் அனுப்பிவிட்டான். மில்காரர் பாக்கி கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முகவரியில் ஒரே ஓர் எழுத்து கூடுதல்! தாமதமாகப் புகார் கொடுத்தோம், பணம் திரும்பவில்லை.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்றிருக்கிறது. மத்திய அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஆளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருகின்றன. கையொப்பமிட்ட பிறகு கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும். வரி வேலைக்காக நம்மில் பலர் வாங்கியிருக்கும் யு.எஸ்.பி. டோக்கனில் இருப்பது இதுதான். அதைப் பின் எண்ணோடு பிறரிடம் விட்டுவைப்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவைப்பதற்குச் சமம்.

அந்த டோக்கனால் பி.டி.எஃப். பட்டியலில் கையொப்பமிடலாம். மின்னஞ்சலுக்கு, அனுப்புபவரின் மின்னஞ்சல் முகவரி பதிந்த சான்றிதழ் வேண்டும். அவுட்லுக்கில் கையொப்பமிட்ட கடிதத்துக்கு ரிப்பன் குறி தெரியும். அதை அழுத்தி மூன்று விஷயம் பாருங்கள்: சான்றிதழிலுள்ள முகவரி நம் பழைய கணக்கில் உள்ளதுதானா, கெடு முடிந்துவிட்டதா, வழங்கியவர் யார். பட்டியலில் பச்சை டிக் அச்சாகியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். படத்தை யாரும் ஒட்டலாம். அடோபி ரீடரில் கையொப்ப விவரத்தைத் திறந்தே பார்க்க வேண்டும்.

கையொப்பம் சரியென்றால் அனுப்பியவர் இன்னார் என்று தெரியும். அவர் நாணயமானவரா என்பதை அது சொல்லாது. அதனால் கணக்கு எண் மாற்றம் என்று வந்தால், கடிதத்திலுள்ள எண்ணுக்கல்ல, நம்மிடமுள்ள பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

மில்களும் மொத்த விற்பனையாளர்களும் கையொப்பமிட்டே பட்டியல் அனுப்ப வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். நான் இழந்த தொகையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.