வெந்நீர் குடிங்கன்னு சொல்றவங்க கேஸ் விலையையும் சொல்லட்டும்



மார்கழி பிறந்தால் போதும், டிவியைப் போட்டால் ஒரே அறிவுரை மழைதான். வெந்நீர் குடிங்க, வெந்நீரில் குளிங்க, கம்பளி போடுங்க, வீட்டைக் கதகதப்பா வச்சுக்கோங்க. சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வெந்நீர் எந்த அடுப்பில், யார் காசில் கொதிக்குதுன்னு ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. குத்துக்கல்வலசையில் ஷீட் போட்ட வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற ஆச்சிக்கு வெந்நீரின் அருமை தெரியாதா? தெரியும். சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும் என்பதும் தெரியும். அதனால்தான் பச்சைத்தண்ணியை மொண்டு ஊற்றிக்கொள்கிறார்.

வாங்க, கணக்குப் பார்ப்போம்.

ஒரு வாளி 15 லிட்டர். மார்கழிக் காலையில் சுமார் 24 டிகிரியில் கிடக்கிற தண்ணியை 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 35 கிராம் கேஸ் பிடிக்கும். வீட்டில் நாலு பேர் என்றால் நாளைக்கு 140 கிராம், மாசத்துக்கு 4 கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குளிக்கவே போயிடுச்சு. சோறு பொங்குவது இனிமேல்தான்! 2025 ஏப்ரலில் ஒரே அடியாக 50 ரூபாய் ஏற்றினார்களே, அப்போது சென்னை விலை 868 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கே குளிக்கிற தண்ணிக்கு மட்டும் மாசம் 250 ரூபாய் தாண்டுது. வீட்டில் கொண்டுவந்து இறக்குகிறவருக்குக் கொடுக்கிற கைக்காசு தனி.

சரி, கரண்டில் சுடவைக்கலாமே என்பீர்கள். அதே நாலு வாளிக்கு ராடு போட்டால் இரண்டு மாசத்தில் 65, 70 யூனிட் ஓடும். 2025-ல் இலவசம் 100 யூனிட்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு வெந்நீருக்கே சரி. வாடகை வீடு என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு என்ன ரேட் சொல்கிறாரோ அதுதான் சட்டம்.

இப்போது அந்த ஆச்சியின் வருமானத்தைப் பாருங்க. முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயசுக்குக் கீழே இருப்பவருக்கு, வெறும் 200 ரூபாய். 2007-லும் இருந்த அதே 200. 2025 ஏப்ரல் விலைக்கு அந்தக் காசில் மூணே கால் கிலோ கேஸ் வரும். 18 வருஷத்துக்கும் மேலாக ஒரு ரூபாய் ஏற்ற மனசு வராதவர்கள், சிலிண்டருக்கு 50 ரூபாயை ஒரே ராத்திரியில் ஏற்றுகிறார்கள்.

பொது இணைப்புகளுக்கு மானியம் 2020 ஜூனோடு நின்றுபோச்சு. உஜ்வாலா இணைப்புக்கு 300 ரூபாய் தருகிறோம் என்று மார் தட்டுகிறார்களே, அதை வருஷத்துக்கு 12 சிலிண்டரிலிருந்து 9 ஆகக் குறைத்தது யார்? மீதி மூன்று மாசம் ஏழை வீட்டு அடுப்பு லீவா? 2025 ஆகஸ்ட் 8 அன்று கூடிய அதே அமைச்சரவை, எண்ணெய் நிறுவனங்களின் சிலிண்டர் நட்டத்தை ஈடுகட்ட 30,000 கோடி ஒதுக்கியது. அதே நாளில் உஜ்வாலா மானியத்துக்கு 12,000 கோடி. நிறுவனத்துக்கு நட்டம் வந்தால் ஈடு உண்டு. ஆச்சிக்கு நட்டம் வந்தால்?

2021-ல் வந்த மாநில அரசும் தப்ப முடியாது. சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியதை நாங்க மறக்கவில்லை. மாதாமாதம் மின் கணக்கெடுப்பு என்றார்களே, அதையும்தான்.

இங்கே இன்னொரு வேடிக்கை. குளிர் நம்ம ஊரில் விற்பனைச் சரக்கு. ஆனி, ஆடியில் சாரல் சீசன், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் என்று குற்றாலத்துக்கு வருகிறவர்கள் 'ஆகா, என்ன குளுமை' என்று சிலிர்த்துவிட்டுப் போகிறார்கள். லாட்ஜில் அவர்களுக்குக் கீசர் உண்டு. அந்த லாட்ஜில் துணி துவைத்து, தரை துடைத்து, ராத்திரி ஈரப் பாவாடையோடு வீடு திரும்புகிற பெண்ணுக்கு? நமக்குக் குளிர் வருஷத்தில் ஒரு தடவை வருவதில்லை. கணவாய்க் காற்றோடு ஒன்று, வடகிழக்கு மழையோடும் பனியோடும் ஒன்று, ஆக ரெண்டு தடவை.

பீடி சுற்றுகிற நம்ம அக்காமார் பாட்டைத் தனியாகச் சொல்லணும். இலையை நனைத்து, ஈரத்துணியில் பொதிந்து, பதம் வந்த பிறகுதான் வெட்ட முடியும். சுளகை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க நேரம் இருக்காது. கீழே தரை சில்லிடுது, கையில் ஈர இலை, மூக்கில் புகையிலைத் தூள். கதவைச் சாத்தினால் தூள் உள்ளேயே சுற்றும், திறந்தால் ஊதக்காற்று. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? இவர்களுக்கென்று 1976-ல் ஒரு நல நிதிச் சட்டம் வந்தது. ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் செஸ் வசூலித்து மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீட்டு உதவி எல்லாம் நடந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ்ஸையே ஒழித்துக்கட்டினார்கள். உழைப்பாளிக்கென்று தனியாக இருந்த உண்டியலை உடைத்துவிட்டு, இப்போது 'குளிரில் நுரையீரலைப் பார்த்துக்கோங்க' என்று அறிவுரை!

கையில் காசில்லாத நேரத்தில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள், நியாயம். பாய்க்குக் கீழே பழைய அட்டைப்பெட்டியையோ சாக்கையோ விரியுங்க. வெறும் பாயில் படுத்தால் சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் விடியக்காலைக் குளியல் வேண்டாம். கறுப்பு டிரம்மில் தண்ணி பிடித்துக் காலையிலேயே வெயிலில் வைத்தால், வெயில் அடிக்கிற நாளில் மதியத்துக்குள் காசில்லாமல் இதமாகிடும். பாத்திரத்தை மூடிப் போட்டே சுடவையுங்க. ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கிடைக்குது, அந்தத் தண்ணியில் மிளகு ரசம் வைத்தால் எந்த ஓட்டல் சூப்பும் பக்கத்தில் வராது. இருமல் ரெண்டு வாரம் தாண்டினால் கஷாயத்தோடு நிற்காதீங்க. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீங்க. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடிச்சிடும். ராடு போட்ட வாளியில் பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீங்க.

இனி நம்ம கோரிக்கை. 1983-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் 40 வருஷத்துக்கு மேலாக நடக்குது. நெசவாளிக்கு வேலையும் கொடுக்குது. அதோடு ஒரு போர்வை சேர்த்தால் என்ன? ஈரோடு மாவட்டம் சென்னிமலையில் போர்வை நெய்கிற கைத்தறிக் கூட்டுறவுகள் ஆர்டருக்குக் காத்திருக்கிற நிலைமை ஏன்? வருஷா வருஷம் கூட வேண்டாம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, வீட்டுக்கு ரெண்டு கனமான போர்வை. அதுவும் பொங்கலுக்கு இல்லை. குளிர் போன பிறகு போர்வை எதுக்கு? ஐப்பசி மழைக்கு முன்னால் ரேஷன் கடைக்கு வந்து சேரணும்.

ஜனவரி 26 கிராம சபை. குத்துக்கல்வலசையிலும் கூடும், உங்க ஊராட்சியிலும் கூடும். நாலு பேராகப் போகாதீங்க, தெருவோடு போங்க. சிலிண்டர் மானியம், போர்வை, பீடித் தொழிலாளர் மருந்தகம் மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோங்க. 'இது எங்க அதிகாரத்தில் இல்லை' என்று சொல்வாங்க. தீர்மானமாகப் போட்டு மேலே அனுப்புங்க என்று சொல்லி, மினிட் புத்தகத்தில் ஏறுகிறவரை உட்கார்ந்திருங்க. கேஸ் ரசீதையும் கரண்ட் பில்லையும் கையோடு எடுத்துட்டு வாங்க. ஆச்சிகளையும் கூட்டிட்டு வாங்க, அவங்களே பேசட்டும்.