நள்ளிரவில் அடிக்கும் அலாரம்: மீன் பொரிப்பகத் தொழிலாளிக்கு அதற்குக் கூலி உண்டா?

இரவு 2 மணிக்கு கரண்ட் போகிறது. மீன் குஞ்சு பொரிப்பகத்தில் அலாரம் அடிக்க, பக்கத்து ஊரில் தூங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் செல்போனுக்கு அழைப்பு வருகிறது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, ஜெனரேட்டரைப் போட்டு, தண்ணீர் ஓட்டத்தைச் சரிபார்க்கிறார். வேலை என்னவோ அரை மணி நேரம்தான். ஆனால் அன்றைய தூக்கம் போச்சு. காலை 8 மணிக்கு மறுபடியும் டியூட்டி. இந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

ராத்திரியில் அப்படி என்ன அவசரம்?

தஞ்சாவூர் கரந்தையில் அரசு மீன் விதைப் பண்ணை இருக்கிறது. டெல்டாவில் நெல்லோடு கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பும் நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மீன்களின் இனப்பெருக்கக் காலம். முட்டை பொரிய சுமார் 14 முதல் 18 மணி நேரம் ஆகும். பொரிந்த குஞ்சுகள் மேலும் 3 நாள் தொட்டியிலேயே இருக்கும். அதுவரை தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் முட்டைகள் அடியில் படிந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் செத்துவிடும்.

குளங்களிலும் இதே கதைதான். இரவில் ஒளிச்சேர்க்கை நடக்காது. ஆனால் மீனோடு சேர்ந்து பாசியும் சுவாசிக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, ஊதியச் சட்டத் தொகுப்பு 2019. வழக்கமான வேலை நேரத்தைத் தாண்டி உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், அதன் பகுதிக்கும்கூட, குறைந்தது 2 மடங்கு கூலி தர வேண்டும் என்கிறது அதன் பிரிவு 14. முன்பிருந்த 1950-ம் ஆண்டு மத்திய குறைந்தபட்ச ஊதிய விதிகளில், விவசாய வேலைக்கு ஒன்றரை மடங்குதான். மற்ற வேலைகளுக்கு 2 மடங்கு.

சிக்கல் எங்கே?

அவசர வேலை, விட்டு விட்டுச் செய்யும் வேலை போன்றவற்றுக்கு வேலை நேர வரம்பைத் தளர்த்த பிரிவு 13 இடம் தருகிறது. ஆனால், 'இது விட்டு விட்டுச் செய்யும் வேலை' என்று முதலாளி தானாகச் சொல்லிவிட முடியாது. அரசு அறிவிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், கணக்கில். மாதச் சம்பளம் ₹15,600 என்று வைத்துக்கொள்வோம். 26 நாள், தினமும் 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ₹75. 2 மடங்கு ₹150. அரை மணி வேலைக்குக் கிடைப்பது ₹75. பெட்ரோல், கெட்டுப்போன தூக்கம் எதுவும் இதில் வராது. அலாரம் அடிக்காத ராத்திரிகளில் செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வெளியூர் போகாமல் காத்திருப்பதற்கு இந்தத் தொகுப்பில் தனி விதியும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

பெல்ஜியத்தின் நிவெல் நகரில் ஒரு தீயணைப்பு வீரர், அழைத்தால் 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். அப்படி வீட்டில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று 2018 பிப்ரவரி 21 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு எவ்வளவு சம்பளம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டது.

காத்திருப்புக்குக் கூலி என்பது நமக்கும் புதிதல்ல. ஏரிப் பாசன ஊர்களில் மடையைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் தருவது பழைய வழக்கம். எத்தனை தடவை மடை திறந்தார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பொறுப்புக்குத்தான் அந்த நெல்.

தொழிலாளி என்ன செய்யலாம்?

* அலாரம் வந்த நேரம், வேலை முடிந்த நேரம் இரண்டையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். செல்போன் அழைப்புப் பதிவையும் அழிக்கக் கூடாது.

* சேரும்போதே, காத்திருப்புக்கு மாதம் ஒரு தொகை, ஒவ்வொரு அழைப்புக்கும் குறைந்தபட்சத் தொகை என இரண்டையும் எழுத்தில் கேட்கலாம்.

* நிலுவை இருந்தால் 3 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கூலியைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்கிறது பிரிவு 59.

ஒரு ராத்திரி அவர் வராமல் போனால் தொட்டியில் இருக்கும் குஞ்சுகள் மொத்தமும் நஷ்டம். அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால், ₹75 போதுமா என்பதை இரு தரப்பும் அடுத்த சீசனுக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.