சிறிய உதிரிப்பாகமும் பெரிய அமானிதமும்

தை மாதம் பிறந்துவிட்டால் தஞ்சை மண்டலத்தின் சாலைகளில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகளின் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. களத்துமேட்டிலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் அரிசி ஆலைக்கும் அவை ஓய்வின்றி ஓடுகின்றன. அவற்றுள் பல பதினைந்து ஆண்டுகளைக் கடந்த டாடா 207, மஹிந்திரா பிக்கப், நம் மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் டாடா ஏஸ் போன்ற பழைய வண்டிகள். அறுவடை முடிந்ததும் அதே வண்டி அதிராம்பட்டினத்து மீனையும் கும்பகோணத்து வெற்றிலையையும் சுமக்கிறது. ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது இவ்வண்டிகளை நம்பித்தான்.

இத்தகைய வண்டியை நிறுத்திவிடுவது எப்போதும் பெரிய பழுதன்று. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் சிறு ரப்பர், ஒரு ஆயில் சீல், கதவுப் பூட்டின் ஒரு துண்டு, கியர் இணைப்பில் தேய்ந்துபோன ஒரு புஷ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே போதும். விலை சொற்பம், கிடைப்பதுதான் அரிது.

அரிதாவதற்குக் காரணங்கள் உண்டு. டாடா ஏஸ் 2005-ஆம் ஆண்டு இரண்டு சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் எஞ்சினுடன் வந்தது. பிறகு புகை வெளியீட்டு விதிகள் மாறின. 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு மாற்றத்தோடும் எரிபொருள், மின்சாரப் பாகங்கள் பலவும் மாறின. கடைக்காரர் தம் முதலீட்டைப் புதிய வண்டிக்கான சரக்கில் போடுகிறார்; பழையதற்கான சரக்கு அலமாரியிலிருந்து மெல்ல மறைகிறது. நிறுவனமே மறைந்துபோனால் நிலைமை இன்னும் கடினம். 1980-களில் டி.சி.எம். டொயோட்டா தயாரித்த இலகு லாரியை வாங்கியவர்கள், அக்கூட்டு கலைந்த பிறகு இதை நன்கு உணர்ந்திருப்பார்கள்.

ஆகவே பழைய வண்டியைப் பழுது பார்ப்பதில் பாதி வேலை தேடல்தான். நல்ல மெக்கானிக் கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்கிறார். பேரிங்கின் மேல் 6203 என்ற எண் இருந்தால், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, கனம் 12 மில்லிமீட்டர் என்பதும், எந்த நிறுவனம் செய்தாலும் அளவு மாறாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆயில் சீலையும் அவ்வாறே அளவைக் கொண்டு தேடுகிறார். தஞ்சையில் இல்லையேல் திருச்சி. அங்கும் இல்லையேல் சென்னைப் புதுப்பேட்டை. தெரிந்த கடைக்குப் படம் அனுப்பி, ஆம்னி பேருந்துப் பார்சலில் வரவழைக்கிறார். எங்கும் கிடைக்காத புஷ்ஷை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்குகிறார்.

இத்தனை உழைப்புக்கும் கூலி என்ன? நம்மில் பலர் பாகத்தை மாட்டியதற்கு மட்டுமே கூலி தருகிறோம். இரண்டு நாள் அலைந்ததற்குத் தனியாகக் கேட்டால், "ஒரு சின்ன ரப்பருக்கு இவ்வளவா?" என்கிறோம். அந்த இடத்தில்தான் மறைமுகக் கமிஷன் நுழைகிறது. கடைக்காரர் பில்லில் விலையைக் கூட்டி எழுதுகிறார். கூடுதல் தொகை மெக்கானிக்கின் கைக்குப் போகிறது. வண்டிக்காரருக்கு அது தெரிவதில்லை.

"எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே" என்று இதைக் கடந்துவிட இயலாது என்பதே நம் கருத்து. பாகம் வாங்க நம் பணத்தோடு செல்பவர் நம் சார்பில் செல்கிறார்; அவர் கையில் இருப்பது அமானிதம். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அவரோ பெற்றதை மறைக்கவும் இல்லை. மறைத்துப் பெறுவதைப் பற்றி நாம் இன்னும் ஆழமாக யோசிக்க வேண்டாமா?

கடைக்காரர் தம் இலாபத்திலிருந்துதானே தருகிறார் என்று சிலர் கேட்கலாம். கமிஷன் ரகசியமாக இருக்கும்வரை, எந்தக் கடையில் நல்ல பாகம் என்பதைவிட எந்தக் கடையில் கூடுதல் கமிஷன் என்பதே தேர்வை முடிவு செய்யும். அதன் விளைவைச் சுமப்பவர் ஓட்டுநர். வண்டிக்காரருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு பெற்றால் அதே தொகை கூலியாகிவிடுகிறது. நுணுக்கமான சட்ட விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒளிவுமறைவு கூடாது என்பதற்கு நம் மனசாட்சியே சாட்சி.

பாகத்தின் தன்மையைச் சொல்வதும் இதைச் சேர்ந்ததே. நிறுவனத்தின் அசல், வேறு நிறுவனத் தயாரிப்பு, பழைய வண்டியில் கழற்றியது, லேத்தில் கடைந்தது ஆகிய நான்கையும் உள்ளது உள்ளபடி சொல்லி விற்பதில் குறையில்லை. அசல் போன்ற பெட்டியில் போலியை வைத்து விற்பதுதான் மோசடி. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக நெல்லைக் காய வைத்துக் காத்திருக்கும் டெல்டா மக்களுக்கு அந்தச் செய்தியின் பொருளை விளக்கத் தேவையில்லை.

உதிரிப்பாகத்தில் மறைக்கப்படும் குறை உயிரையே பறிக்கக்கூடும். பிரேக் ஆயில் என்று நாம் அழைத்தாலும் அது பெட்ரோலிய எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைத் திரவம். எஞ்சின் ஆயிலுக்கு ஏற்ற ரப்பரை அதில் போட்டால் ஊறி உப்பிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு வளையம். கதவுக் கைப்பிடியில் மலிவான மாற்று போதும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் போதாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. உதிரிப்பாகங்களைத் திறந்த சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஆணையை எதிர்த்து வழக்குகள் தொடர்ந்தன. சட்டப் போராட்டம் அதன் வழியில் நடக்கட்டும்; நம் ஊர்ப் பட்டறையில் நேர்மை நிலவ எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

வண்டி வைத்திருப்போர் தேடலுக்கான கூலியை முன்கூட்டியே பேசி, மனமுவந்து கொடுப்போம். மெக்கானிக் சகோதரர்கள் கழற்றிய பாகத்தையும் கடை பில்லையும் வண்டிக்காரர் கையில் கொடுக்கட்டும். கடைக்காரர்கள் பில்லில் 'அசல்', 'மாற்று', 'பழையது' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதட்டும். ஏமாற்றப்பட்டதாக உணர்பவருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு முன் பேசித் தீர்க்க ஜமாஅத் இருக்கிறது.

கூலி குறைவென்று மெக்கானிக் மறைக்கிறார். மறைக்கிறார் என்று நாம் கூலியைக் குறைக்கிறோம். இந்த வட்டத்தை யாரேனும் ஒருவர் முதலில் உடைத்தாக வேண்டும். பணம் கொடுக்கும் இடத்தில் இருக்கும் நாமே அதைத் தொடங்குவது எளிது. நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!