அடங்கியது அழிந்ததன்று

மீன் சந்தையிற் பிறந்த கணக்கொன்று இன்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவுகின்றது என்றால் அன்பர்கள் வியப்படையலாம். அக்கதையையே இவ்வாரம் கூற விழைகின்றோம்.

முதலாம் உலக யுத்த காலத்தில் அதிரியாட்டிக் கடலில் மீன்பிடித் தொழில் குன்றியது. அக்கடலோரச் சந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்த உம்பேர்த்தோ டங்கோனா என்னும் இத்தாலிய அறிஞர், அவ்வாண்டுகளில் பிடிபட்டவற்றுள் சுறா முதலிய கொன்றுண்ணும் மீன்களின் விகிதம் உயர்ந்திருக்கக் கண்டார். வலை ஓய்ந்தபோது சிறு மீன்களன்றோ பெருகியிருத்தல் வேண்டும்? இவ்வையத்தை அவர், தமக்கு மாமனாராக வாய்த்த கணித மேதை வீட்டோ வொல்தேராவிடம் கொண்டு சென்றார்.

வொல்தேரா 1926 இல் விடை தந்தார். இரை பெருகினால் வேட்டையாடி பெருகும். வேட்டையாடி பெருகினால் இரை குறையும். இரை குறைய வேட்டையாடியும் பட்டினியால் குறையும். இதனை இரண்டு சமன்பாடுகளில் அடக்கிய அவர், வலை ஓய்ந்தால் முடிவில் நன்மை பெறுவது வேட்டையாடியே எனக் காட்டினார். அமெரிக்காவில் அல்பிரட் லொட்கா என்பவரும் இத்தகைய சமன்பாடுகளைத் தனித்தே கண்டிருந்தார்.

நம் உடலினுள்ளும் ஒரு வேட்டை நிகழ்கின்றது. புற்றுக் கலங்கள் இரை. வெண்குருதிக் கலங்களுட் சில வேட்டையாடிகள். குஸ்னெற்சோவ், பெரெல்சன் முதலிய அறிஞர்கள், சுண்டெலிகளின் மண்ணீரலில் வளரும் ஒருவகைப் புற்றுநோய் பற்றிய பரிசோதனை விவரங்களைக் கொண்டு, 1994 இல் இதற்கும் இரண்டு சமன்பாடுகள் அமைத்தனர். கட்டி வளர்வதையும் காவற் கலங்களால் அது தேய்வதையும் ஒன்று கூறும். கட்டியின் தூண்டுதலால் காவலர் திரள்வதையும், அப்போரில் அவர்களும் மடிவதையும் மற்றையது கூறும்.

அக்கணக்கு வெளிப்படுத்திய உண்மைகள் இரண்டு. மிகச் சிறிய கட்டி, காவலரை உரியவாறு விழிப்பிக்காமலே வளர்ந்து தப்பிவிடலாம். அதனிற் சற்றுப் பெரியதோ காவலரைத் திரட்டித் தானே அகப்பட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, அகப்பட்ட கட்டி முற்றாக அழியாமல், வளரவும் மாட்டாமல், நெடுநாள் உறங்கிக் கிடக்கலாம். காவல் தளர்ந்தால் அவ்வுறக்கம் கலையும்.

அப்படியாயின் காவலரை மருந்தால் வேண்டுமளவு பெருக்கினால் என்ன? 1998 இல் கேர்ஷ்னர், பனெற்றா என்னும் இருவர் இன்ரலூக்கின்-2 என்னும் பொருளைச் சேர்த்துக் கணக்கிட்டனர். அதனை மட்டும் மிகையாகச் செலுத்தினால் கட்டி ஒழியினும், காவற் படை எல்லையின்றிப் பெருகி உடலுக்கே தீங்காகும் என்பது அக்கணக்கின் எச்சரிக்கை. அமிர்தமும் அளவோடுதான்.

சுண்டெலிக்குப் போட்ட கணக்கு மனிதருக்கு நாள் குறிக்கும் சோதிடமன்று. ஆயினும் சிகிச்சை பெற்றுப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பின்பும் மார்பகப் புற்றுநோய் சிலருக்கு மீள்வதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். “உடம்பு தேறிவிட்டது, இனி வைத்தியசாலைக்கு எதற்கு?” என்று குறித்த தவணைக்குச் செல்லாது நின்றுவிடுவோர் நம்மிடையே பலர். வீட்டாரும் அலைச்சலையும் செலவையும் எண்ணி அதற்கு இசைந்துவிடுகின்றனர். நோவு இல்லாமை வேறு, நோய் இல்லாமை வேறு. அடங்கியிருப்பது அழிந்துவிட்டதா என்பதை உடம்பின் சுகத்தைக் கொண்டு துணிய இயலாது. ஆதலின், வைத்தியர் குறித்த தவணையைத் தவறவிடாதிருக்கும்படி வீட்டிலுள்ளோர் நோயுற்றுத் தேறியவரை அன்போடு அழைத்துச் செல்வார்களாக.