பெயர் பிறழ்ந்தால் நாணம் எதற்கு?

ஸ்டெதஸ்கோப்பை ‘டெதஸ்கோப்பு’ என்றும், தைராய்டைத் ‘தைராடு’ என்றும் சொல்லிவிட்டு நாணுவோர் பலர். ஆங்கிலேயர் நம் அரக்கோணத்தையே ‘ஆர்க்கோணம்’ என்று எழுதினர். அயலார் சொல்லொன்று நம் நாவில் ஆஸ்பத்திரியாயிற்று. ‘தைராடு’ என்றாலும் மருத்துவருக்கு விளங்கும். அதைக் கேட்டுச் சிரிக்கும் பணியாளரே திருந்த வேண்டியவர் என்பது என் கருத்து.

மருந்தின் பெயர் மட்டும் விதிவிலக்கு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ‘லோசெக்’, சிறுநீரைப் பெருக்கும் ‘லேசிக்ஸ்’ என்னும் மருந்தோடு குழம்பியதால், அமெரிக்காவில் 1990இல் ‘பிரைலோசெக்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. தடுமாறியவர்கள் படித்தவர்களே! ஆகவே, மாத்திரையின் பெயரை நினைவிலிருந்து சொல்ல முயலாதீர்கள். அட்டையை, கத்தரித்த துண்டானாலும், கையோடு கொண்டுவாருங்கள். ‘காலையில் போடும் சின்ன வெள்ளை மாத்திரை’ என்றால் எங்களாலும் கண்டறிய இயலாது. மாத்திரைகளில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை.