பட்டியலில் இல்லாத ரயில்

"சார், இந்தக் கிராஃபுக்கு எத்தனை மார்க்?"

ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நானும் பதில் சொல்லிவிடுவேன். அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதினால் இத்தனை, புள்ளிகளைச் சரியாகக் குறித்தால் இத்தனை, கோட்டை ஒழுங்காக வரைந்தால் இத்தனை என்று. நீங்களும் வரைந்து, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அந்தக் கோடு ஏன் அப்படி வளைகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நேரம் போய்விடும் என்ற பயம் உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

இந்த வாரம் அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வரைபடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. ஆனால் வட்ட ரயில் பாதையில் மாதக்கணக்கில் நீடித்த ஒரு குழப்பம் அதனால்தான் தீர்ந்தது.

2016ஆம் ஆண்டு. உங்களில் பலர் அப்போது பாலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து வட்டப் பாதை ரயில்கள் சுரங்கத்துக்குள் திடீர் திடீரென்று நிற்கத் தொடங்கின. அந்தப் பாதை முழுவதும் நிலத்தடியில் ஓடுவது. ரயில்களுக்கு ஓட்டுநரும் கிடையாது. ஒவ்வொரு ரயிலும் சமிக்ஞைக் கட்டமைப்போடு இடைவிடாமல் தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் அவசர பிரேக் தானாகவே விழும். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. முன்னே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் நின்றுவிடு என்பதுதான் அதன் விதி. சிக்கல் என்னவென்றால், தொடர்பு ஏன் அறுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. இன்று இந்த ரயில், நாளை வேறொன்று. இப்போது இந்த நிலையம், சற்று நேரத்தில் இன்னொன்று. வேலைக்குப் போகிறவர்கள் இருட்டுச் சுரங்கத்தில் காத்துக்கிடந்தார்கள்.

இப்போது உங்களை அந்த ரயில் நிறுவனத்தின் மேலாளர் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?

"நின்றுபோன ரயில்களைச் சோதிப்பேன்" என்று சொல்வீர்கள். என் வகுப்பில் கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நல்ல பதில் போலத்தான் இருக்கிறது. அந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

நவம்பர் 5, சனிக்கிழமை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பைச் சேர்ந்த தரவு அறிவியலாளர்கள் மூவர் கையில் ஓர் அட்டவணை வந்தது. மொத்தம் 259 அவசர பிரேக் சம்பவங்கள். ஒவ்வொரு வரிசையிலும் தேதி, நேரம், இடம், ரயில் எண், ரயில் சென்ற திசை. அவ்வளவுதான். உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் வருவதைவிடப் பெரிய சங்கதி எதுவும் அதில் இல்லை.

முதலில் அவர்கள் செய்ததும் நீங்கள் செய்யக்கூடியதுதான். எந்த நேரத்தில் அதிகம் நடக்கிறது என்று ஒரு பட்டை வரைபடம். நாள் முழுக்கப் பரவிக் கிடந்தது. எந்த இடத்தில் என்று இன்னொன்று. பாதை நெடுகப் பரவிக் கிடந்தது. எந்த ரயில் என்று மூன்றாவது. ஒன்றிரண்டு ரயில்கள் அல்ல, பற்பல ரயில்கள். மூன்று வரைபடங்களும் சொன்ன சேதி ஒன்றே: இங்கே எந்த ஒழுங்கும் இல்லை. அச்சு, அலகு, புள்ளி எல்லாம் சரியாக இருந்திருக்கும், முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். பயன்தான் இல்லை.

பிறகு நேரத்தையும் இடத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே தாளில் சேர்த்து வரைந்தார்கள். ஓர் அச்சில் நேரம், மற்றோர் அச்சில் வரிசையாக நிலையங்கள். இந்த முறை பழையது. எத்தியேன்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் - லியோன் ரயில் அட்டவணையை இப்படித் தம் நூலில் அச்சிட்டிருக்கிறார். இதில் ஓடும் ரயில் ஒரு சாய்கோடாகத் தெரியும். வேகம் கூடினால் சாய்வு மாறும். உயர்நிலை மூன்றில் நீங்கள் வரையும் தூர - நேர வரைபடத்தின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வரைந்ததும் சிதறிக் கிடந்த புள்ளிகள் வரிசை கட்டின. ஒரு ரயில் நின்றால், அதே திசையில் அதற்குப் பின்னால் வரும் ரயில் சற்று நேரத்தில் நிற்கிறது. பிறகு அதற்கும் பின்னால் வருவது. ஏதோ ஒன்று அந்த ரயில்களுக்கு எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவதுபோல. பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வரும் இன்னொரு ரயிலைத் தவிர வேறு எது அப்படி நகரும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளி நடைபாதையில் நீங்கள் வரிசையாக நடந்து போகிறீர்கள். எதிரே ஒருவர் பையில் டுரியானை ஒளித்து வைத்துக்கொண்டு வருகிறார். அவர் கடக்கக் கடக்க முதல் ஆள் மூக்கைச் சுளிப்பார், அடுத்து இரண்டாமவர், அடுத்து மூன்றாமவர். நான் ஓரமாக நின்று மூக்கைச் சுளித்தவர்களின் பெயர்களை எல்லாம் எழுதுகிறேன். பட்டியல் நீளமாக இருக்கும். டுரியான்காரர் பெயர் மட்டும் அதில் இருக்காது. பழகிப்போனவர், அவர் எங்கே சுளிக்கப் போகிறார்?

அதேதான் நடந்தது. 259 வரிசைகளிலும் ரயில்கள் இருந்தன, ஆனால் அவை பாதிக்கப்பட்டவை. காரணமான ரயில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை, அதனால் பட்டியலில் வரவில்லை. "நின்ற ரயில்களைச் சோதிப்பேன்" என்று முடிவெடுக்கும் மேலாளர் குற்றமற்றவர்களை எல்லாம் வரிசையாக விசாரித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கோணத்தில் கணக்கிட்டுப் பார்த்ததில் 259 சம்பவங்களில் 189, அதாவது 73 விழுக்காடு, "எதிரே வரும் ரயில்" என்ற ஊகத்தோடு பொருந்தின. எந்த ரயில்? விரிவான பதிவுகளை எடுக்க நேரமாகும் என்பதால், குழுவினர் கிம் சுவான் பணிமனைக்குப் போய், சம்பவ நேரங்களில் நிலையங்களுக்கு வந்துபோன ரயில்களின் காணொளிகளை உட்கார்ந்து பார்த்தார்கள். அதிகாலை 3 மணிக்குச் சந்தேகத்துக்குரிய ரயில் அகப்பட்டது: பிவி46. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று. கணினி நிரல் பாதி தூரம் கூட்டிப்போனது. மீதித் தூரத்துக்குத் தூக்கம் கெட்ட மனிதக் கண்கள் தேவைப்பட்டன.

அதைவிடப் பிடித்தது அடுத்து நடந்தது. நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சந்தேகத்துக்குரிய அந்த ரயிலை நிலப் போக்குவரத்து ஆணையமும் எஸ்எம்ஆர்டியும் வேண்டுமென்றே ஓடவிட்டன. அது இறங்கும்வரை அன்று எந்தச் சம்பவமும் இல்லை. இறங்கிய பிறகு, அருகில் சென்ற ரயில்கள் தொடர்பை இழந்து நின்றன. மறுநாள் பிவி46 இருந்த இடங்களின் பழைய பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நடந்த சம்பவங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு விளக்கம் கிடைத்தது. அந்த ஒரு ரயிலின் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறு மற்ற ரயில்களின் தொடர்பைக் குலைத்துக்கொண்டிருந்தது.

கவனியுங்கள்: முடிவெடுத்தது வரைபடம் அல்ல. சந்தேகத்துக்குரிய ரயிலைப் பயணிகள் பயன்படுத்தும் பாதையில் இறக்குவது என்று யாரோ பொறுப்பிலிருந்த ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அது தவறாகப் போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வரைபடம் செய்தது, எதைச் சோதிப்பது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது. நம் பாடநூல் சொல்லும் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை என்ற வரிசை ஒரு வார இறுதிக்குள் அப்படியே நடந்து முடிந்தது.

நிறுவனங்களில் இந்த வேலைக்கு வணிக நுண்ணறிவு என்று பெயர். புதிய சொல் போலத் தோன்றும். ஆனால் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958லேயே இதைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார். விற்பனை, இருப்பு, வருகை, செலவு எல்லாம் ஓரிடத்தில் சேரும். அவற்றைச் சுருக்கிச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் மேலாளரின் திரையில் காட்டும் மென்பொருள்கள் இப்போது எங்கும் இருக்கின்றன. உங்களில் பலர் நாளை அவற்றின் முன்னால் உட்காரப் போகிறீர்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாதக் கடைசியில் தெரியவேண்டிய நட்டத்தை அன்று மாலையே காட்டுவது நல்லதுதான். என் மனக்குறை வேறு. திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிவானதை மட்டுமே அது காட்டும்.

பள்ளி உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீ கோரெங் கடையில் தினமும் 60 தட்டு விற்கிறது என்று கணக்கு சொல்கிறது. ஆகவே 60 தட்டு செய்தால் போதும். ஆனால் 60 தட்டும் பத்தே காலுக்கே தீர்ந்துபோய், பத்தரை இடைவேளைக்கு வருகிற மாணவர்கள் எல்லாரும் ரொட்டி வாங்கிக்கொண்டு போனால்? விற்காத தட்டு எந்தக் கணக்கிலும் ஏறாது. கடைக்கார அக்காவுக்கு அது தெரியும், ஏனென்றால் அவர் முகங்களைப் பார்க்கிறார். கல்லாப்பெட்டிக்குத் தெரியாது. பேருந்துக் கட்டண அட்டையும் அப்படித்தான். ஏறியவர்கள் அட்டையைத் தட்டுவார்கள். கூட்டம் நெரிந்து ஏற முடியாமல் நடந்தே போனவர் எங்கே தட்டுவார்?

இதை எல்லாம் அறிந்தவன்போல எழுதுகிறேனே தவிர, நானே இதில் தவறியவன்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை இரண்டு வகுப்பு ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளி முடிந்த பிறகு சிறு தேர்வுகள் வைத்தேன். மொத்தம் ஆறு. இரண்டை மட்டும் வேறு நாள்களில் வைக்க நேர்ந்தது. மதிப்பெண்களை விரிதாளில் போட்டுச் சராசரி கண்டு நிறம் கொடுத்தேன். 50க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் இருந்த ஒன்பது பேருக்கு மாதக்கணக்கில் கூடுதல் வகுப்பு எடுத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தரவை வைத்து முடிவெடுக்கும் ஆசிரியர் அல்லவா?

பச்சையில் ஒரு மாணவன் இருந்தான், சராசரி 68. ஆண்டிறுதித் தேர்வில் 31 வாங்கினான். உயர்நிலை மூன்றுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. இயற்பியல் வேண்டும் என்று முதல் தெரிவாக எழுதியிருந்தான். கிடைக்கவில்லை.

பெற்றோர் சந்திப்பில் அவன் அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமைதானே சார் உங்க டெஸ்ட்டு? அன்னிக்குப் பாட்டிக்கு டயாலிசிஸ். எனக்கு மத்தியான ஷிஃப்ட்டு. இவன்தான் கூட்டிட்டுப் போவான்," என்றார். விரிதாளைத் திறந்து பார்த்தேன். ஆறு தேர்வுகளில் அவன் எழுதியது இரண்டுதான். நான்கு கட்டங்கள் காலி. சராசரி காணும்போது விரிதாள் காலிக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காது. இரண்டு தேர்வுகளின் சராசரியை ஆறின் சராசரிபோல எனக்குப் பச்சை நிறத்தில் காட்டியிருந்தது. மென்பொருள்மீது குற்றமில்லை, நான் சொன்னதைத்தான் செய்தது.

அவன் பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போடவில்லை. அதனால் வருகைப் பதிவும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான்கு காலிக் கட்டங்களும் செவ்வாய்க்கிழமைகள். ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று அவனிடம் கேட்டேன். "நீங்க கேக்கலையே சார்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது என் கோப்பில் இரண்டாவது தாள் ஒன்று உண்டு. அதில் மதிப்பெண் கிடையாது, நிறம் கிடையாது. யாருடைய கட்டம் காலியாக இருக்கிறது, எந்தக் கிழமை என்பது மட்டும் இருக்கும். சென்ற வாரம் அதில் மூன்று பெயர்கள் இருந்தன. இருவருக்குக் காய்ச்சல். மூன்றாமவரிடம் இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை பேச வேண்டும்.