'ஹென்ஸ்' போடுமுன்...

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினம் பஸ்ஸில் ஆபீஸ் போய் வரும் நண்பர் கேட்டார்: "'ஹென்ஸ்' என்றால் 'ஆகவே'தானே? அதில் என்ன ஸார் தப்பு வந்துவிடும்?"

நிறைய வரும். லீவ் லெட்டரையே எடுத்துக்கொள்வோம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஹென்ஸ் ஐ ரிக்வெஸ்ட் யூ...' ஆரம்பத்திலேயே 'ஆஸ்' போட்டுக் காரணத்தைச் சொல்லியாச்சு. அப்புறம் 'ஹென்ஸ்' எதற்கு? ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுத்த மாதிரி. ஒன்றை இறக்கிவிடுங்கள்.

இந்த வார்த்தையின் பழைய அர்த்தம் 'இங்கிருந்து'. அதனால்தான் 'டூ இயர்ஸ் ஹென்ஸ்' என்றால் 'இன்றிலிருந்து இரண்டு வருஷம் கழித்து'. 'தேர்ஃபோரு'க்கு இல்லாத ஒரு சௌகரியமும் இதற்கு உண்டு. பின்னால் வினைச்சொல்லே வேண்டாம். சிதம்பரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையா? 'டுடே ஈஸ் ஆருத்ரா தரிசனம். ஹென்ஸ் தி க்ரவுட்.' முடிந்தது.

ஆக, 'ஹென்ஸ்' போடுகிறவர், 'இங்கிருந்து அங்கே போக வழி இருக்கிறது' என்று உத்தரவாதம் தருகிறார். வழி நிஜமாகவே இருக்கிறதா? காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. நடுவில் 'ஹென்ஸ்' போடலாமா?

காக்கை விஷயத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். பிச்சாவரம் விஷயத்தில் முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டக் கரையோரம் சின்னாபின்னமானது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த சில கிராமங்கள் தப்பின. ஹென்ஸ், மரங்கள்தான் காப்பாற்றின என்று ஊரெல்லாம் பேச்சு.

பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து 2005-ல் கட்டுரை வெளியிட்டார். சேதம் குறைய அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று: ஊர் இருக்கும் உயரம், கடலிலிருந்து தூரம், மரங்களின் பரப்பு.

கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே கணக்கை 2006-ல் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். உயரமும் தூரமும் சமமாக இருக்கும் ஊர்களை ஒப்பிட்டால், மரப்பரப்பு கூடியதால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். அதற்கும் மறுப்பு வந்தது. விவாதம் நீண்டது.

மரம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மீனுக்கும் நண்டுக்கும் அதுதான் தொட்டில். ஆனால், 'முன்னால் மரம் இருக்கிறது. ஹென்ஸ் பயமில்லை' என்று பள்ளத்தில், கடலை ஒட்டி வீடு கட்டினால், அந்த ஒரு வார்த்தைக்கு உயிரை விலையாகக் கொடுக்க நேரலாம்.

ஆபீஸிலும் இதே கதைதான். புது மேனேஜர் வந்தார், சேல்ஸ் எகிறியது, ஹென்ஸ், மேனேஜர் புலி. அந்த மாசம் தீபாவளி என்பதை மட்டும் ரிப்போர்ட்டில் யாரும் எழுதமாட்டார்கள்!

இனிமேல் 'ஹென்ஸ்' எழுதுமுன் பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தி, 'வேறு காரணம் இருக்குமோ?' என்று கேட்டுப் பாருங்கள். பல ரிப்போர்ட்டுகள் பாதியாகச் சுருங்கும்.